பின்கரியரில் ஒரு வழிகாட்டி

இஞ்சால நிழலுக்கை வந்து இருங்கோ தம்பி. கரைக்குப் போற லோஞ்ச் படகு வரும், ஆனால் சொன்ன நேரத்துக்கு வராது. அது வாறவரைக்கும் நான் பேச்சுத்துணைக்கு இருக்கிறன். காலமை முழுக்க எங்களோட சைக்கிளில தீவைச் சுத்திப் பாத்தனீங்கள், ஒரு கேள்வி கேக்கேல்லை. ஆனால் உங்கட முகத்தில கேள்வி இருந்தது. சைக்கிள் சுற்றுலா எண்டு கூட்டிக்கொண்டு வந்திட்டு, வழிகாட்டி மட்டும் சைக்கிள் ஓடாமல் இன்னொரு மனிசியின்ர கரியரில குந்தியிருக்கிறா. அதுவும் பின்பக்கம் பாத்துக்கொண்டு. இது என்ன கோலம் எண்டுதானே? பொறுங்கோ, சொல்லுறன்.

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. சின்னனில ஒருக்கால் ஏறிப் பாத்தனான். நேராகப் போய்ப் பக்கத்து வளவு எருக்கும்பியில விழுந்தன். எழும்பி வந்து, இது பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சரிவராத சாமான் எண்டு நானே ஒரு தீர்ப்புச் சொல்லிப்போட்டு விட்டிட்டன். அந்தத் தீர்ப்பை நாற்பது வருசமாக் காப்பாத்திக்கொண்டு வந்தன்.

பிறகு எங்கட மாதர் சங்கக் கூட்டத்துக்குச் சுஜீவன் எண்டொரு பெடியன் வந்தான். யாழ்ப்பாணத்தில சுற்றுலாக் கொம்பனி ஒண்டில வேலை. "இந்தத் தீவில சனம் குறைவு, வாகனம் இல்லை, நல்ல அமைதி. வெளிநாட்டுக்காரர் இந்த அமைதிக்குத்தான் வருவினம். சைக்கிள் நாங்கள் தாறம். கூட்டிக்கொண்டு போய் விளங்கப்படுத்த உள்ளூர் ஆள் ஒருத்தர் வேணும். இங்கிலிஷ் ஆருக்குத் தெரியும்?" எண்டு கேட்டான்.

அவன் கேட்டு முடிக்க முந்தியே என்ர கை மேல நிண்டது. ஓ.எல். சோதினையில இங்கிலிசுக்குச் சாதாரண சித்தி எடுத்த ஆள் நான். தீவில அதுக்குப் பிறகு ஆரும் என்னோட இங்கிலிசில போட்டிக்கு வரேல்லை, ஏனெண்டால் எடுத்த மற்ற ஆக்கள் எல்லாம் கனடாவுக்குப் போட்டினம்.

"சைக்கிள் ஓடுவியளோ அம்மா?"

"தம்பி, இந்தத் தீவில சைக்கிள் ஓடாத ஆள் ஆர் இருக்கினம்?"

பாருங்கோ, நான் பொய் சொல்லேல்லை. கேள்விதான் கேட்டனான். அவன் அதைப் பதிலா எடுத்தது அவன்ர பிழை. சங்கத்துப் பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சினம். கடைசி வரிசையில இருந்த என்ர மச்சாள் மட்டும் சிரிக்கேல்லை.

மச்சாள் எண்டால் நேசமலர். காலமை சைக்கிள் மிதிச்சவள். என்ர தம்பி தவபாலனின்ர பெண்சாதி. அந்த நேரம் நானும் அவளும் கதையில்லை. கதையில்லை எண்டால், நான் அவளோட கதைக்கிறேல்லை. அவளைப் பற்றி மற்ற ஆக்களோட நல்லாக் கதைப்பன்.

ஏன் எண்டு சொன்னால்தான் மிச்சம் விளங்கும். தவபாலன் எனக்குப் பத்து வருசம் பிந்திப் பிறந்தவன். அம்மாவுக்கு ஏலாது. குளிப்பாட்டினது, சோறு தீத்தினது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது எல்லாம் நான். எனக்குக் கலியாணம் சரிவரேல்லை. பாக்க வந்தவைக்குக் கதைக்க இடம் கிடைக்கேல்லை எண்டு அம்மா சொல்லுவா. ஒரு மாப்பிள்ளை வந்து, தேத்தண்ணியும் குடிச்சு, தான் என்ன உத்தியோகம் எண்டதைச் சொல்லாமலே எழும்பிப் போனவர். அதால எனக்குப் பிள்ளை எண்டாலும் தம்பி எண்டாலும் அவன்தான்.

அந்தச் சங்கக் கூட்டத்துக்குப் பல வருசம் முந்தி, ஒருநாள் காலமை அவனுக்கு நெஞ்சுக்குத்து வந்திட்டுது. தீவில அப்ப வைத்தியர் இல்லை. கரைக்குக் கொண்டுபோக வேணும். லோஞ்ச் வெளிக்கிடுற நேரம். அதை மறிச்சு வைக்கச் சொல்ல நேசமலர் துறைக்கு ஓடினவள். அவள் போய்ச் சேர லோஞ்ச் போட்டுது. திரும்பி வர அவனும் போட்டான்.

அவையின்ர வீட்டிலயிருந்து துறைக்குப் போற ஒழுங்கை என்ர வாசல் படலையைத் தாண்டித்தான் போகுது. தாண்டி ஓடினவள் ஒரு குரல் குடுக்கேல்லை. உழவு மெஷின்காரன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். வளர்த்த நான் நாலு வீடு தள்ளி இருக்கிறன், அவன் தனியக் கிடந்து மூச்சை விட்டிருக்கிறான்.

இதை நான் மனசுக்கை பூட்டி வைச்சு ஆளை வதைக்கேல்லை தம்பி. நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. வெளிப்படையாச் சொன்னனான். செத்தவீட்டில சொன்னன். கோயிலில சொன்னன். கூப்பன் கடையில சொன்னன். லோஞ்சில பக்கத்தில இருந்த முன்பின் தெரியாத ஆக்களுக்கும் சொன்னன். அவள் ஒரு மறுமொழி சொல்லேல்லை. மறுமொழி இல்லை எண்டால் குற்றம் உண்மை எண்டுதானே கருத்து? நான் அப்பிடித்தான் எடுத்தனான்.

பிறகு அவள் செய்த வேலை என்ன தெரியுமோ? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோட, தம்பியின்ர சைக்கிளை எடுத்துக்கொண்டு தரவைக்குப் போய்ச் சைக்கிள் பழகினவள். கடற்கரையோட ஒரு பெரிய புல்வெளி இருக்கெல்லோ, காலமை மாடுகள் நிண்ட இடம், அதில. விழுந்து விழுந்து பழகினவள். சனம் கதைச்சுது. நானும் கொஞ்சம் கதைச்சன். கொஞ்சம் எண்டால், என்ர அளவில கொஞ்சம்.

சரி, சுற்றுலாவுக்கு வாறன்.

முதல் நாள் வெள்ளைக்காரர் ஆறு பேர் வந்து இறங்கிச்சினம். எல்லாருக்கும் ஒவ்வொரு புதுச் சைக்கிள். எனக்கும் ஒண்டு, சிவப்பு. நான் அதை மாடு பிடிச்ச மாதிரிக் கொம்பில பிடிச்சுக்கொண்டு நிண்டன். "எங்கட ஊரில பெரிய ஆக்களை மதிச்சு, தொடக்கத்தில நடந்துதான் போறது வழக்கம்" எண்டு இங்கிலிசில சொன்னன். பாவங்கள், நம்பிச்சினம். எல்லாரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால வந்தினம். மாதா கோயில் தாண்டினாப்பிறகு ஒருத்தன் மெல்லமா ஏறி ஓடத் தொடங்கினான். பிறகு மற்றது, பிறகு மற்றது. நான் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு அவைக்குப் பின்னால ஓடுறன். ஓடிக்கொண்டே விளக்கமும் சொல்லுறன். "ரோட்டின்ர இடப்பக்கம் பழைய கிணறு" எண்டு நான் சொல்லி முடிக்க, அவை கிணத்தையும் தாண்டி, வளைவையும் தாண்டிப் போட்டினம்.

நான் ரோட்டோரத்தில குந்தீட்டன். நெஞ்சு அடிக்குது. அந்த நேரம் பாத்து நேசமலர் தோட்டத்திலயிருந்து வாறாள், கரியரில புல்லுக்கட்டு. என்னைப் பாத்தாள். சிவப்புச் சைக்கிளைப் பாத்தாள். தூரத்தில போற வெள்ளைக்காரரைப் பாத்தாள். இறங்கி, புல்லுக்கட்டை அவிட்டு வேலிக்கரையில போட்டாள்.

"ஏறுங்கோ."

அவ்வளவுதான். இத்தனை வருசத்துக்குப் பிறகு என்னோட கதைச்ச முதல் கதை. நான் அவளோட கதையில்லை எண்ட ஆள் எல்லோ, அதால மறுமொழி சொல்லாமல், புல்லுக்கட்டு இருந்த இடத்தில ஏறி இருந்தன். அவளின்ர முகம் பாக்கக் கூடாது எண்டுதான் முதலில முதுகுக்கு முதுகு இருந்தனான். பிறகு பாத்தால் அது நல்ல வசதி. அவள் மிதிக்க மிதிக்க, பின்னால வாற ஆக்களைப் பாத்து நான் வடிவா விளங்கப்படுத்தலாம். கைகாட்டலாம். ஒருத்தரும் என்னைத் தாண்டிப் போகேலாது. வெள்ளைக்காரருக்கு நல்ல சந்தோசம். இது இந்தத் தீவின்ர வழக்கமோ எண்டு கேட்டிச்சினம். ஓம் எண்டன்.

அப்பிடியே அந்தச் சோளகக் காலம் முழுக்க ஓடிச்சுது. கிழமைக்கு ரெண்டு மூண்டு கூட்டம். சோளகம் எண்டால் தெரியும்தானே, கடலிலயிருந்து அடிச்சால் பனையே சரியும். அந்தக் காத்துக்கு எதிரா அவள் மிதிப்பாள். எனக்குக் காத்துப் படாது, அவளின்ர முதுகு மறைச்சுக்கொண்டிருக்கும். நான் கத்திக் கத்திக் கதைக்கிறதால எனக்குத் தொண்டை நோ. தினமும் கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சன். இந்தத் தொழிலில இருக்கிற கஷ்டம் ஆருக்கு விளங்கும் எண்டு யோசிப்பன். அவளுக்கென்ன, மிதிக்கிறது உடம்புக்கு நல்லது.

நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை. "இறங்குங்கோ, மணல்" எண்டுவாள். இறங்குவன். "ஏறுங்கோ" எண்டுவாள். ஏறுவன். சுற்றுலா முடிய அவள் தன்ர பாட்டில போயிடுவாள்.

ஆவணியில ஆறு பேரோட ஒரு ஒல்லாந்துக் கூட்டம் வந்தது. அதில மார்கிற் எண்டொரு மனிசி, என்ர வயசு வரும். நான் சொல்லுறதைக் கேக்கிறதைவிட நேசமலரைப் பாத்துக்கொண்டு வாற மனிசி. எனக்கு அது முதலே பிடிக்கேல்லை. நேசமலரின்ர புகையிலைத் தோட்டத்தடியில பூவரசு நிழலில நிண்டு தேத்தண்ணி குடிக்கிறது வழமை. அவள்தான் ஊத்திக் குடுப்பாள். அண்டைக்கும் குடிச்சுக்கொண்டு நிக்கேக்குள்ளை நான் என்ர வழமையான பேச்சைச் சொன்னன். எங்கட காலத்தில இந்தத் தீவில பெண்டுகள் சைக்கிள் ஓட விடமாட்டினம், எவ்வளவு கட்டுப்பாடு, எவ்வளவு அடக்குமுறை எண்டு. நல்லாச் சொன்னன். எனக்கே கண் கலங்கிச்சுது.

மார்கிற் கேட்டா, "அப்ப இவ எப்பிடிப் பழகினவ? இவவைக் கேக்கலாமோ?"

கேக்க வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நான் நேசமலரின்ர பக்கம் திரும்பி, "எப்ப சைக்கிள் பழகினது எண்டு கேக்கிறா" எண்டன். அந்தச் சோளகத்தில நானா அவளோட கதைச்ச முதல் கதை அதுதான். அதுவும் மொழிபெயர்ப்புக்காக.

"அவர் செத்தாப்பிறகு."

சொன்னன். ஏனாம் எண்டு மார்கிற் கேட்டா.

"லோஞ்சை மறிக்க ஓடினனான். ஓடி எட்டேல்லை. இனி ஆருக்காக எண்டாலும் காலால ஓடிப் பிந்தக் கூடாது எண்டு நினைச்சன்" எண்டாள். கேத்திலை மூடிக்கொண்டே சொன்னாள், உப்புப் போதுமோ எண்டு கேக்கிற மாதிரி.

அதையும் சொன்னன். ஆறு பேரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சிட்டினம். மார்கிற் மெல்லமாக் கேட்டா, "அந்த நேரம் உதவிக்கு ஒருத்தரும் இல்லையோ?"

இந்தக் கேள்வியை நான் சந்தோசமா மொழிபெயர்த்தன் தம்பி. உண்மையைச் சொல்லுறன். இப்ப பிடிபட்டாள் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் நான் கேக்காத கேள்வியை ஒல்லாந்திலயிருந்து ஒருத்தி வந்து கேட்டிட்டா. "உதவிக்கு ஒருத்தரும் இல்லையோவாம்" எண்டன், குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

நேசமலர் என்னை நேராப் பாத்தாள்.

"இருந்தவ. படலையில நிண்டு மூண்டு தரம் கூப்பிட்டனான். மச்சாள், மச்சாள், மச்சாள் எண்டு. அவ வளவுக்கை தபால்காரனோட கதைச்சுக்கொண்டு நிண்டவ. திரும்பிப் பாக்கேல்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டினவ, பொறு எண்டு. நானும் கொஞ்சநேரம் பொறுத்தனான். பிறகு ஓடீட்டன்."

ஆறு பேரும் என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிக்கினம். எனக்கு இங்கிலிஷ் வரேல்லை. தமிழும் வரேல்லை. அப்பிடி ஒண்டு நடந்ததா எனக்கு நினைவே இல்லை. பொய் சொல்லுறாள் எண்டு சொல்லலாம் எண்டு வாயைத் திறந்தன். ஆனால் அந்தக் கை இருக்கே, அது என்ர கைதான். நான் கதைக்கேக்குள்ளை ஆரும் இடையில வந்தால் அது தன்ர பாட்டில எழும்பும். இந்தத் தீவில அந்தக் கையைத் தெரியாத ஆள் இல்லை.

கடைசியா ஒரு மாதிரிச் சொன்னன், "ஹேர் சிஸ்ரர் இன் லோ வோஸ் பிசி" எண்டு.

"நோ பிசி" எண்டாள் நேசமலர். "டோக்கிங்."

அவளுக்கு ஆர் இங்கிலிஷ் படிப்பிச்சது எண்டு கேக்கிறியளோ? நான்தான். ஒரு சோளகம் முழுக்க அவளின்ர முதுகுக்குப் பின்னால இருந்து கத்தினது ஆர்?

மார்கிற் என்னைப் பாத்தா, அவளைப் பாத்தா, பிறகு கோப்பையை எடுத்துத் தேத்தண்ணியைப் பாத்தா. நான்தான் அந்தச் சிஸ்ரர் இன் லோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லவும் தேவையில்லை.

திரும்பி வரவேணுமே. நடந்து வந்திருக்கலாம். மானமுள்ள ஆள் நடந்துதான் வந்திருப்பா. ஆனால் துறை தூரம், எனக்கு முழங்கால் நோ. "ஏறுங்கோ" எண்டாள். ஏறினன். வெளிச்சவீடு வந்தது, நான் ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளையார் கோயில் கேணி வந்தது, அதுக்கு எனக்கு நீளமான விளக்கம் ஒண்டு இருக்கு, அதையும் சொல்லேல்லை. பின்னால வந்த ஆறு பேரும் என்னைப் பாத்துக்கொண்டு வருகினம், வேற எங்க பாக்கிறது, முன்னுக்கு நான்தானே இருக்கிறன். மார்கிற்றின்ர மனிசன் கமராவை எடுத்து என்னை ஒரு படம் எடுத்தார். தீவின்ர அமைதி இதுதான் எண்டு நினைச்சாரோ தெரியாது.

அடுத்தநாள் தபால்காரனைத் தேடிப் போனன். ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டில இருக்கிறார், சிவக்கொழுந்து எண்டு பேர். "தவபாலன் செத்த அண்டைக்கு என்ர வளவில நிண்டு நீர் என்னோட என்ன கதைச்சனீர்?" எண்டு கேட்டன்.

"நான் எங்கை பிள்ளை கதைச்சனான்?" எண்டார். "நீதானே கதைச்சனி. பின்னால ஆரோ கூப்பிடினம் எண்டு சொல்ல ரெண்டு தரம் வாயைத் திறந்தனான். எனக்கும் கையைத்தான் காட்டினனி."

என்னத்தைப் பற்றிக் கதைச்சனான் எண்டு கேட்டன். அவருக்கும் ஞாபகமில்லை. நான் இப்பவும் யோசிக்கிறன் தம்பி. பெரிய விசயமா இருந்திருந்தாலாவது ஒரு ஆறுதல். வெங்காய விலையா இருக்கும். இல்லாட்டி மழையா இருக்கும்.

வீட்டுக்கு வந்து படலையைச் சாத்திப்போட்டு இருந்திட்டன். அடுத்த கூட்டம் வந்தது, நான் போகேல்லை. நேசமலர் தனியக் கூட்டிக்கொண்டு போனவள். பாரம் இல்லாமல் ஓடினதால வேளைக்கே முடிஞ்சுதாம். வந்த ஆக்கள் நல்ல அமைதி, நல்ல அமைதி எண்டு சொல்லிக்கொண்டு போனவையாம். சுஜீவன் ரெலிபோனில சொன்னான். என்னைச் சந்தோசப்படுத்தத்தான் சொன்னவன்.

அதுக்குப் பிறகு ஒரு பின்னேரம் நேசமலர் வந்தாள். படலைக்கு வெளியில நிண்டுகொண்டு, "மச்சாள்" எண்டாள். ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டாள். நான் ஓடிப்போன வேகத்தில என்ர செருப்பு ஒண்டு முத்தத்தில கிடந்தது.

"நாளைக்கு ஆக்கள் வருகினம். வாங்கோ."

"நீ தனியவே காட்டினனியாம். நல்லா இருந்ததாம்."

"பத்து வசனம்தான் எனக்குத் தெரியும். அது மாதா கோயிலோட முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு அவை என்னைப் பாக்கினம், நான் அவையைப் பாக்கிறன்."

நான் படலையைத் திறக்கேல்லை. மேல்கட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். "எனக்கு நினைவில்லை நேசம்" எண்டன். "உண்மையா நினைவில்லை."

"தெரியும்" எண்டாள். "நினைவிருந்தால் இவ்வளவு காலமும் என்னோட கோவிச்சுக்கொண்டு இருந்திருக்க மாட்டியள்."

"அப்ப நீ ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? நான் ஊர் முழுக்க உன்னைப் பேசித் திரிஞ்சனே."

"சொன்னால் நீங்கள் என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு இருப்பியள்?"

பிறகு இத்தனை வருசமா எனக்குள்ளை இருந்த ஒண்டைக் கேட்டன். அதுதான் என்ர கோவத்தின்ர அடி எண்டு கேக்கேக்குள்ளைதான் எனக்கே விளங்கிச்சுது.

"அவன் என்னைக் கேட்டவனோ?"

நேசமலர் ஒழுங்கையின்ர அந்தப் பக்கம் பாத்தாள். "ஓம்" எண்டாள். கொஞ்சம் பொறுத்து, "கேட்டவர் எண்டில்லை" எண்டாள். "நான் வெளிக்கிடேக்குள்ளை சொன்னவர். அக்காவுக்குச் சொல்லாதை, அவ வந்தால் கதைச்சுக்கொண்டு நிப்பா, லோஞ்ச் போடும் எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது தம்பி. அப்பிடியே அவன்ர குரல். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தும் அதைத்தான் சொல்லியிருக்கிறான், பாருங்கோ. நான் சிரிக்க அவளுக்கும் வந்திட்டுது. ரெண்டு பேரும் படலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிண்டு சிரிக்கிறம், கண்ணால தண்ணி ஓடுது. முன்வீட்டுக்காரி வேலிக்கு மேலால எட்டிப் பாத்தா. ஒருத்தருக்கும் விளங்கப்படுத்த ஏலாத சிரிப்பு.

"வேண்டாம் எண்டு சொன்னவன்தானே" எண்டன், முகத்தைத் துடைச்சுக்கொண்டு. "பிறகு ஏன் என்னைக் கூப்பிட்டனி?"

"அவர் சொல்லுவார்" எண்டாள். "எனக்கு உங்களை விட்டால் ஆர்?"

நான் படலையைத் திறந்தன்.

அடுத்தநாள் விடிய, வழமை மாதிரிக் கரியரில ஏறி இருந்தன். வெள்ளைக்காரர் பின்னால வருகினம், என்ர வாயைப் பாத்துக்கொண்டு. எனக்குத் தொடங்க மனம் வரேல்லை. துறையிலயிருந்து மாதா கோயில் வரைக்கும் அவள்தான் கதைச்சாள். அவையோட இல்லை, என்னோட. தமிழில. புகையிலையில பூச்சி விழுந்ததாம், ஆடு ஒண்டு சினையாம், கிணத்துக் கப்பி தேய்ஞ்சு போச்சாம். அவளின்ர முகம் அந்தப் பக்கம், என்ர முகம் இந்தப் பக்கம், நடுவில சோளகம். பாதிக்கு மேல எனக்குக் கேக்கேல்லை.

"என்ன சொன்னனி? திருப்பிச் சொல்லு" எண்டன்.

திருப்பிச் சொன்னாள்.